ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் எதற்கு மாத்திரை? மனச்சிதைவுக்கு உடல் காரணம் பேசும்போது நாம் செய்கிற தவறுகள்

எம்ஆர்ஐ ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "மூளைல ஒண்ணும் இல்லன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, அப்புறம் எதுக்குடா மாத்திரை?" அண்ணனுக்கு அப்போது 23 வயது. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாத்திரை நின்றது. மூன்றாவது மாதம், பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்குள் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்று மறுபடி ஆரம்பித்தான்.

பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மூளை சம்பந்தப்பட்ட நோய் என்று சொல்லிவிட்டு ஸ்கேனில் நார்மல் என்று வந்தால் யாருக்கும் குழப்பம்தான். ஆனால் அந்த ஸ்கேன் மனச்சிதைவைக் கண்டுபிடிக்க எடுப்பதே இல்லை. கட்டி, மூளை அழற்சி என்று இதே அறிகுறிகளைக் காட்டக்கூடிய வேறு கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய எடுப்பது. இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் திரவம் நிறைந்த அறைகள் சற்றுப் பெரிதாக இருப்பது 1976-இலேயே லண்டனில் எடுத்த சிடி ஸ்கேன்களில் தெரிந்துவிட்டது, ஆனால் அது சராசரியில் தெரிகிற வித்தியாசம். இரண்டு ஊர்க்காரர்களின் சராசரி உயரம் ஒரு சென்டிமீட்டர் வேறுபடுகிறது என்பதற்காக, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒருவரைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்லிவிட முடியுமா? இதையே திருப்பிப் போட்டு, மூளையைப் படம் எடுத்தே நோயைச் சொல்லிவிடுகிறோம் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டோபமைன், மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று. "டோபமைன் லெவல் பார்க்க எந்த லேப் நல்லது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இந்த நோய்க்கு அப்படி ஒரு பரிசோதனை கிடையாது. ரத்தத்தில் இருப்பதை வைத்து மூளைக்குள் நடப்பதைச் சொல்ல முடியாது. 'டோபமைன் ஜாஸ்தி, அவ்வளவுதான்' என்ற பேச்சு எப்படி வந்தது என்று பார்த்தால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்றும் புரியும். இங்கே மருந்துதான் முதலில் வந்தது, விளக்கம் பின்னால். அறுவை சிகிச்சைக்கு முன் ஆளை அமைதிப்படுத்தப் பயன்பட்ட குளோர்புரோமசினை 1952-இல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. டோபமைன் பக்கம் ஸ்வீடனின் மருந்தியல் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் கை காட்டியது 1963-இல். இந்த மருந்துகள் அதன் ஏற்பிகளை, அதாவது மூளை செல்லில் டோபமைன் வந்து ஒட்டும் இடங்களை, அடைக்கின்றன என்று உறுதியானது 1970-களில்.

மூளைக்குள் ரசாயன வேலை நடப்பதைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் பின்னால் வந்தன. அவற்றில் தெரிந்தது, மூளை முழுக்க ஜாஸ்தி இல்லை, ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழமான பகுதியில்தான் உற்பத்தி கூடியிருக்கிறது, அதுவும் எல்லா நோயாளிகளிடமும் இல்லை. அங்கே டோபமைனின் வேலைகளில் ஒன்று, 'இதைக் கவனி, இது முக்கியம்' என்று முத்திரை குத்துவது. நேரம் காலம் இல்லாமல் அது சுரந்தால் கண்டதெல்லாம் முக்கியமாகிவிடும்: செய்தி வாசிப்பவர் கண் சிமிட்டியது, பஸ் நம்பர், மிக்சி சத்தம். இத்தனைக்கும் ஏதாவது அர்த்தம் இருந்தாக வேண்டுமே என்று மனசு ஒரு கதை கட்டுகிறது. மருந்து புதிதாக முத்திரை விழுவதைத்தான் குறைக்கும், ஏற்கெனவே கட்டிய கதை கலைய வாரக்கணக்கில் ஆகும். "பத்து நாளா போடறான், இன்னும் அதையேதான் சொல்றான்" என்று மருந்தை மாற்றச் சொல்லி நிற்பது அதனால்தான் அவசரம்.

சுமார் மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் சரியாகக் கேட்பதில்லை. அவர்களில் பலருக்கு உதவுகிற குளோசபின், டோபமைன் ஏற்பியை அப்படியொன்றும் இறுக்கிப் பிடிப்பதில்லை. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சனோமெலின்-ட்ரோஸ்பியம் அந்த ஏற்பியை அடைப்பதே இல்லை, அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்துக்கான மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. எல்லாம் டோபமைன் என்றால் இவை எப்படிக் கேட்கும்?

கல்யாணப் பேச்சு வந்தால் "ரத்தத்துலயே இருக்கு" என்பது தானாக வந்து உட்காரும். மரபுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் மரபணுத் தொகுதியில் 287 இடங்கள் தொடர்புடையவையாகத் தெரிந்தன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். ஒரே டிஎன்ஏ கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து மாதிரி, பொதுவாக நூற்றுக்கு ஒன்று. பத்து மடங்கு என்று சொன்னால் தரகர் எழுந்து போய்விடுவார், தொண்ணூறு பேருக்கு வராது என்றால் காபி குடித்துவிட்டு யோசிப்பார். கணக்கு என்னவோ ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை, கஞ்சா ஒன்றும் பண்ணாது என்கிற தம்பிகளுக்கும் ஒன்று: ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுத்த சுமார் 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்த 1987 ஆய்வில், 50 தடவைக்கு மேல் பிடித்தவர்களுக்கு இந்த நோய் ஆறு மடங்கு வந்திருந்தது. மற்ற காரணங்களைக் கழித்தால் அது குறைகிறது, மறைவதில்லை.

கடைசித் தவறு நானும் சேர்ந்து செய்தது. மாத்திரையை மறுபடி தொடங்கி, குரல்கள் அடங்கிய பிறகும் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தான். குளிக்க மாட்டான், கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். நோய் போய்விட்டது, இனி இருப்பது சோம்பேறித்தனம் என்று வீடே முடிவு கட்டியது. அதுவும் நோய்தான், டோபமைனை அடக்கும் மருந்து அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. சில சமயம் மருந்தின் அளவே ஆளை மந்தமாக்கும். மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டிய விஷயம் அது, நாமாக மாத்திரையைப் பாதியாகப் பிட்டுக் கொடுப்பதல்ல.

பெரியப்பா இப்போதெல்லாம் சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் செருப்பை எடுத்துத் திண்ணைக்குக் கீழே வைத்துவிட்டு, "வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்கிறார். முதல் மாதத்தில் நாலு நாள்தான் எழுந்து போனான். இப்போது கடையில் காசு கொடுப்பதே அவன்தான்.