பிரேக் பிடித்துக்கொண்டே ஓடும் பழைய பென்ஸ்: எங்கே தேடுவது

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு, கோடை முடிந்ததும் பழைய பென்ஸ்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அதிகமும் 1976இல் அறிமுகமான டபிள்யூ 123 வகை. சொந்தக்காரர்கள் விடுமுறைக்குப் போயிருப்பார்கள்; வண்டி கடல் ஈரத்தில் வாரக்கணக்கில் அசையாமல் நின்றிருக்கும். வந்து எடுத்தால் வண்டி இழுக்காது, ஏதோ ஒரு வீலிலிருந்து காந்தல் வாடை, மீட்டரில் சிவப்பு பிரேக் விளக்கு. உடனே மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வீல்களுக்கு அனுப்பும் பாகத்தை, மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். அழுத்தம் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று தெரியும்வரை ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

முதலில் விளக்கு. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். வீலோடு சுற்றும் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பேடின் தேய்மானத்துக்கான விளக்கு வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்குள்ள லெஃப்ட் ஹேண்ட் வண்டிகளில் ஹேண்ட்பிரேக் என்பது இடது காலால் மிதிக்கும் பெடல். டேஷ்போர்டில் உள்ள கைப்பிடியை இழுத்தால் விடுபடும். இழுத்த பிறகு ஷூ நுனியைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் பெடல் முழுதாகத் திரும்பவில்லை. பின் வீல் சூடாவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

அணையவில்லை என்றால் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆகவே பேடைப் பார்க்காமல் ஆயிலை ஊற்றி நிரப்பாதீர்கள். புது பேட் போடும்போது, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அத்தனையும் வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறதா? கியர் வண்டியாக இருந்தால் கிளட்ச் பக்கம் போங்கள். இந்த வண்டியில் கிளட்சுக்கும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. கிளட்ச் பெடலுக்குக் கீழே கார்பெட்டைத் தடவிப் பாருங்கள், கியர்பாக்ஸ் பக்கத்துச் சிலிண்டரையும் பாருங்கள். அங்கும் ஈரம் இல்லை, வீல்களிலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாக, கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

இனி பிரேக் விடாத கதை. வீலுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கை வைக்கவே கூடாது. பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தி விட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருக்கும் வீலில் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி வீல் விட்டுவிட்டதா? அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள்.

நிப்பிளை மூடி, மறுபடி பிரேக் அழுத்தி, வீலை இறுக விடுங்கள். இந்தத் தடவை ரப்பர் ஓஸுக்கு முன்னால் இருக்கும் இரும்பு பைப் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் வீல் விடவில்லை என்றால் ஓஸ்தான் திருடன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். உள்பக்க ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும். காலின் பலம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும், திரும்பி வர மட்டும் வழி இருக்காது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஓஸை மாற்றும்போது இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பைப் நட்டைத் தளர்த்தியதும் வீல் விட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம் இருக்கிறது. முன் வீல் இரண்டும் ஒன்றாக இறுகினாலும் அந்தப் பக்கமே சந்தேகப்படுங்கள், ஏனென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன். மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வீல் விட்டால், நடுவில் இருந்து மாஸ்டரைத் தள்ளும் கம்பிக்கு இடைவெளி போதவில்லை. விடாவிட்டால் மாஸ்டரின் உள்ளே ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைபட்டிருக்கும். யாராவது டப்பாவில் கியர் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் வாஷர்கள் ஊதி அந்தத் துளையை மூடிவிடும். அப்படியானால் ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்றி, லைனைக் கழுவி, டாட் 4 வகைப் புது பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும். அரைகுறையாக விட்டால் ஓடும் வண்டியில் பிரேக் இறுகும். அந்த ஆபத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நிப்பிளைத் திறந்தும் வீல் சுற்றவில்லையா? அப்போது துருவும் தூசியும்தான். பேட் பின்களைத் தட்டி எடுத்து, பேட் உட்காரும் காடியைக் கம்பி பிரஷால் தேயுங்கள். பேட் கையால் தள்ளினால் போய்வர வேண்டும். பிஸ்டனின் தூசி ரப்பர் கிழிந்து, உலோகத்தில் குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். பின் வீலில் டிஸ்குக்கு உள்ளேயே ஹேண்ட்பிரேக் ஷூ என்னும் பிறை வடிவக் கட்டைகள் இருக்கின்றன. ஒரு வீல் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளைக்கு நேராக, ஷூவைச் சரிசெய்யும் பல் சக்கரம் வரும்வரை வீலைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரால் அதைத் திருப்பி ஷூவைத் தளர்த்தலாம்.

எல்லாம் மாட்டி ஏர் எடுத்த பிறகு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வொரு வீல் பக்கத்திலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம். இடதும் வலதும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அந்த வீலின் நிப்பிளிலிருந்து சோதனையை மறுபடி தொடங்குங்கள்.