பாம்பன் ஏலக்கரையில் பேரம்: ஸ்டாட்டை டயலாக்கில் கோப்பது எப்படி

காட்சி இதுதான். விடியற்காலை, பாம்பன் கரை, மணலில் சீலா மீன் கூடைகள். உங்கள் கேமின் நாயகன் ஒரு கூடை எடுக்க வந்திருக்கிறான், ஏலக்காரர் விலையை இறக்க மாட்டேன் என்கிறார். இந்த ஒரு பேரத்தை ஒழுங்காக எழுதிவிட்டால் மீதி கேமுக்கான முறை கைக்கு வந்துவிடும். கிளைக்கதை கேம் எழுத உதவும் கருவிகளான ட்வைன், இங்க் இரண்டுமே இலவசம், இரண்டிலும் நிபந்தனை வைத்து ஆப்ஷன் எழுதலாம்.

ஸ்டாட், அதாவது நாயகனின் திறனைக் காட்டும் எண், நாலு போதும்: வலு, கண், ஊரறிவு, நயம். ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை, மொத்தப் புள்ளி 16. சிறப்பு ஆப்ஷன் திறக்க 6 வேண்டும் என்று வையுங்கள். மூன்று ஸ்டாட்டை 6-க்கு ஏற்ற 18 புள்ளி தேவை என்பதால், யாராலும் இரண்டுக்கு மேல் ஏற்ற முடியாது. மொத்தத்தை 20 ஆக்கினால் மூன்று ஏறிவிடும், அப்புறம் எல்லா நாயகனும் ஒரே ஆள்தான்.

அடுத்து, எண் என்ன வேலை செய்யப்போகிறது என்பது. ஒரு வழி வாசல்: எண் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஃபால்அவுட் நியூ வேகாஸ் (2010) அப்படித்தான், எத்தனை வேண்டும் என்பதையும் முன்னாலேயே காட்டிவிடும். இன்னொரு வழி பகடை. பால்டர்ஸ் கேட் 3-இல் (2023) இருபது முகப் பகடையோடு ஸ்டாட்டின் கூடுதல் எண் சேரும். கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) 16 என்றால் +3, முதல் லெவலில் பேச்சுத் தேர்ச்சியும் இருந்தால் இன்னும் +2. இலக்கு 15 என்றால் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். கரிஸ்மா 8, தேர்ச்சியும் இல்லை என்றால் 25. அதாவது பேச்சுக்கென்றே உருவாக்கிய ஆளும் கிட்டத்தட்ட பாதித் தடவை தோற்பான். தோற்றவர் சேவ் ஃபைலைத் திரும்பத் திறந்து மறுபடி உருட்டுவார், நம் பேரம் சூதாட்டமாகிவிடும்.

டிஸ்கோ எலிசியம் (2019) இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. இரண்டு பகடை, இரண்டிலும் ஒன்று விழுந்தால் தோல்வி, இரண்டிலும் ஆறு விழுந்தால் வெற்றி, ஸ்டாட் எதுவானாலும். பகடை உருட்டும் இடங்கள் வெள்ளை, சிவப்பு என இரண்டு வகை. வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனை ஏற்றிக்கொண்டு திரும்பி வரலாம், சிவப்புக்கு ஒரே வாய்ப்புதான். எங்கள் யோசனை: பேரத்துக்கு வாசல் வையுங்கள். பகடையைப் பொய் சொல்லித் தப்புவது போன்ற இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தோற்பதும் கதைதான்.

இனி வசனம். ஒவ்வொரு ஸ்டாட்டும் நாயகனுக்கு வேறொன்றைத் தெரிய வைக்க வேண்டும்.

கண் 6: “மேல கெடக்குறது சரிண்ணே, அடியில கெடக்குறதுக்குச் செவுள் வெளுத்திருக்கே.”

ஊரறிவு 6: “தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகு எல்லாம் கடலுக்குப் போயிருச்சு. இன்னுமா இந்த வெல?”

இரண்டாவதற்கு ஸ்டாட் மட்டும் போதாது, கேமின் தேதியும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மே மாதக் காட்சியில் இதே வரி வந்தால், ராமேஸ்வரத்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டு மூடிவிடுவார்கள்.

நயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கில கேமைப் பார்த்து வசனத்துக்கு முன்னால் ‘நயம் 6’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். ஆடுபவர் வசனத்தைப் படிக்காமல் சீட்டைப் பார்த்தே அமுக்கிவிடுவார். தமிழில் அந்தச் சீட்டு வேண்டியதில்லை, விளிச்சொல்லே காட்டிக்கொடுக்கும். ஒரே வேண்டுகோளை மூன்றாக எழுதுங்கள்:

நயம் 1–2: “ஏய், அந்தக் கூடைய இங்க தள்ளு.”
3–5: “அந்தக் கூடை என்ன வெல?”
6-உம் அதற்கு மேலும்: “அண்ணே, இருட்டோட வந்து நிக்கிறேன், ஒரு கூடை நம்ம பக்கம் ஒதுக்குங்கண்ணே.”

மீன் விற்கும் கிழவிக்கு ‘ஆத்தா’, கீழக்கரை வியாபாரிக்கு ‘காக்கா’. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஊரறிவு, கூப்பிடும் தொனி நயம். இரண்டையும் ஒரே ஸ்டாட்டில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

குறைந்த எண்ணுக்கும் தீனி போடுங்கள். ஃபால்அவுட்டில் (1997) அறிவு 3 அல்லது அதற்குக் கீழே போனால் நாயகனின் பேச்சே மாறிவிடும். அதற்காகவே இன்னொரு முறை ஆடியவர்கள் உண்டு. ஆனால் முழு கேமுக்கும் செய்தால் எழுத்து வேலை இரட்டிப்பாகும், உங்களுக்கு இந்த ஒரு கரை போதும். ‘ஏய்’ என்றவனுக்குக் கூடை கிடைக்காது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சம்மாட்டி (படகுக்காரர்) அவனைப் படகில் ஏற வம்புக்கு இழுக்கட்டும். அந்தப் பாதை வலுவுக்கு.

சோதிக்க மூன்று பேரை உருவாக்குங்கள்: எல்லாம் 4 உள்ளவன்; கண்ணும் நயமும் 6, மற்றவை 2 உள்ளவன்; வலு 10, நயம் 1, மீதி 5 புள்ளி கண்ணுக்கும் ஊரறிவுக்கும் உள்ளவன். மூவரையும் கரையில் இறக்கி ஆடிப் பாருங்கள். எந்த இடத்திலும் நிபந்தனையில்லாத ஆப்ஷன் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். முதல் ஆள்தான் அதிகம் மாட்டுவான், அவனுக்கு எந்தச் சிறப்பு வாசலும் திறக்காது. அவன் முழு விலை கொடுத்தாவது கூடையோடு வெளியே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.