ஏற்றத்தில் மட்டும் இழுவை போன டீசல் வேகன்

கம்பளையில் ஒழுங்காக ஓடும் டீசல் வேகன், ரம்பொடை ஏற்றத்தில் சட்டென்று இழுவை இழக்கும். எஞ்சின் லைட் எரியும். நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினால் சரி. ஸ்கேனில் வந்த பிழைக் குறியீடு பி0299: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை. டீசல் பில்டர் மாற்றியும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வைக் கழுவியும் பலனில்லை. டர்போவையே மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக் பாஸ்.

புசல்லாவையில் ஒரு மெக்கானிக் அண்ணன், "இங்க பாருங்க தம்பி" என்று, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டினார். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசி. மேலே ரப்பர் புதிதுபோல. கீழே, கிளிப்பை ஒட்டி மயிரிழை வெடிப்பு. எஞ்சின் சும்மா ஓடும்போது மூடியே இருக்கும், ஏற்றத்தில் அழுத்தம் கூடினால்தான் வாய் திறந்து காற்றைக் கசியவிடும். நிறுத்திவைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

ஹோஸும் கிளிப்பும் மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு நுவரெலியா வரை ஏறினேன். லைட் எரியவில்லை. அப்பாடா!