டி.வி.யில் உடற்பயிற்சி சொல்லித் தரப் போகிறீர்களா? நான் சறுக்கிய இடங்கள்

போன வாரம் ஒரு காலை நிகழ்ச்சி ஷூட்டிங். புதிதாக வந்த ட்ரெய்னர் தம்பி பர்ப்பி (குனிந்து, காலைப் பின்னால் தள்ளி, எழுந்து குதிக்கும் பயிற்சி) போட்டுக்கொண்டே அதன் பலன்களையும் சொல்லப் பார்த்தான். ஐந்தாவதில் பேச்சு நின்றுவிட்டது. காலர் மைக்கில் அவன் இரைப்பு மட்டும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என் முதல் எபிசோடும் இதேதான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேரத்துக்கு வா, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பேசிக்கொண்டே செய்வது

முதலில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள். தம்பியிடமும் சொன்னேன். "சரிண்ணே" என்றான். அடுத்த டேக்கிலும் பேசிக்கொண்டேதான் குதித்தான்.

வலது, இடது

பார்க்கிறவருக்கு நீங்கள் கண்ணாடி. வாய் "வலது கால்" என்று சொல்லும்போது உங்கள் இடது கால் முன்னால் போக வேண்டும். வைடு, க்ளோசப், சைடு என்று ஒரே லஞ்ச் பயிற்சியை (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) மூன்று முறை எடுப்பார்கள், மூன்றும் அதே காலில். கேமரா அணைந்ததும் மறுகாலுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுங்கள். நான் போடாமல் விட்டு, ஒரு முழங்கால் மட்டும் வீங்கித் திரிந்தேன்.

தராசுக்கு வேலை பார்ப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிகிறது.

எடைகுறைப்புப் போட்டி ஒன்று. வாரா வாரம் மேடையில் எடை பார்ப்பார்கள். "ப்ரோமோவுக்கு ஒரு நம்பர் சொல்லுங்க மாஸ்டர்" என்றார்கள். "90 நாள், 20 கிலோ" என்றேன். யாருடைய உடம்பு, என்ன வயது, சர்க்கரை இருக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. என் முகத்துக்குக் கீழே அந்த நம்பர் ஓடியது. அன்றிலிருந்து நான் அதற்குக் கூலி.

எட்டாவது வாரம். என் அணியிலிருந்த அக்கா முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. கண்ணால் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள்தானேக்கா" என்றேன். தராசு 3 கிலோ குறைத்துக் காட்டியது, கைதட்டல் பறந்தது. மேக்கப் ரூமில் நாற்காலியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தவர் கேட்டார்: "நம்பர் வந்துருச்சுல்ல மாஸ்டர்?" போனதில் பெரும்பங்கு தண்ணீர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பாட்டி, 2004இல் அமெரிக்காவில் என்.பி.சி. சேனல் தொடங்கிய 'தி பிக்கெஸ்ட் லூசர்'. அதன் ட்ரெய்னர்கள் பாப் ஹார்ப்பரும் ஜில்லியன் மைக்கேல்ஸும் நட்சத்திரங்களானார்கள். போட்டியாளர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. சராசரியாக 58 கிலோ இறக்கியவர்கள் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரி, இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 குறைவு. ஒரு வேளைச் சாப்பாடு!

எனக்கு ஆன செலவு வேறு. நிகழ்ச்சி முடிந்து ஜிம்முக்கு வந்தவர்கள் எல்லோருமே 20 கிலோ கேட்டுத்தான் வந்தார்கள். இரண்டாவது மாதம் ஒருவரும் இல்லை. இப்போது கேமரா முன்னால் நம்பர் கேட்டால், வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ என்பேன். மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏறுகிறார் என்று காட்டலாமே என்பேன். அதனாலேயே இரண்டு நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

டி.வி.யை நம்பி ஜிம்மை மூடுவது

அமெரிக்க டி.வி.யில் உடற்பயிற்சி சொல்லித் தந்த ஜாக் லலேன், 1936இலேயே கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜிம் திறந்தவர். டி.வி.க்கு வந்தது 1951இல்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்து

படியுங்கள்.

நமக்கு ஒன்றும் வராது என்பது

அதே பாப் ஹார்ப்பருக்கு 2017 பிப்ரவரியில், 51 வயதில், நியூயார்க்கில் ஜிம்மிலேயே மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். நான் மறு வாரமே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். கொலஸ்ட்ரால் எல்லைக்கு மேலே. வயிற்றில் ஆறு கட்டு அப்படியே இருந்தது.