'டிஸ்கஸ்' வந்தால் 'அபவுட்' வேண்டாம்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் கூட்டங்களில் 'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் த பட்ஜெட்' என்று கூசாமல் சொல்கிறார்கள். 'டிஸ்கஸ்' என்ற வினை தன் செயப்படுபொருளை நேரடியாக ஏற்பது. 'டிஸ்கஸ் த பட்ஜெட்' என்றாலே போதும். தமிழில் ஒன்றைப் 'பற்றி' விவாதிப்பதால் அந்தப் 'பற்றி' அங்கேயும் போய் ஒட்டிக்கொள்கிறது என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. அது உண்மைதான் என்றாலும், வலுவான காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதே சொல் பெயராகும்போது 'எ டிஸ்கஷன் அபவுட் த பட்ஜெட்' என்பது முற்றிலும் சரி. பெயருக்குரிய முன்னிடைச்சொல்லை, அதாவது பள்ளியில் ப்ரிபொசிஷன் என்று படித்ததை, வினைக்கும் சேர்த்து எழுதிவிடுவதுதான் இந்த வகைப் பிழைகள் பலவற்றுக்கு வேர். 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. 'எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி' சரி, 'எம்ஃபசைஸ் ஆன் சேஃப்டி' தவறு. ஓட்டலில் 'ஐ ஆர்டர்ட் ஃபார் டூ காஃபீஸ்' என்பதிலும் 'ஃபார்' வேண்டாதது. அறைக்குள் நுழைவதற்கு 'என்டர் த ரூம்' என்றால் போதும். ஆனால் ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' என்றே எழுத வேண்டும் என்பதால், 'என்டர்' வந்தாலே 'இன்டு' கூடாது என்று விதி போட்டுக்கொள்வதும் ஆபத்து.

இதற்கு நேர்மாறாக, வேண்டிய இடத்தில் விட்டுவிடும் பிழையும் உண்டு. 'எனக்குக் கொடு', 'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு' என்று தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே நான்காம் வேற்றுமை போதும். ஆங்கிலத்தில் 'கிவ் மீ', 'டெல் மீ' ஆகியவை சரியாக இருப்பதைப் பார்த்து 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று எழுதிவிடுகிறோம். 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்பதே முறை. 'ரிப்ளை மீ' என்பதும் அப்படித்தான்: 'ரிப்ளை டு மீ' என்றிருக்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய அதே பொருள் தரும் 'ஆன்சர்' என்ற வினைக்கு 'டு' தேவையில்லை. 'ரீச்ட் சென்னை' என்போம். 'அரைவ்ட்' என்றால் ஊருக்கு 'இன்', நிலையத்துக்கு 'அட்' சேர்ப்போம். பொருள் ஒன்றாக இருப்பதால் இலக்கணமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், அது வரும் சிறு தொடரோடு சேர்த்தே படிப்பது நல்லது. கற்போருக்கான ஆங்கில அகராதிகள் எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தருவதும் இதற்காகத்தான்.

சில இடங்களில் முன்னிடைச்சொல் மாறினால் நோக்கமே மாறிவிடும். 'த்ரோ த பால் டு ஹிம்' என்றால் அவன் பிடிப்பதற்காக எறிவது. 'டு' இருக்கும் இடத்தில் 'அட்' வந்தால் அவன் மேல் படவேண்டும் என்று எறிவது. 'ஷவுட் டு', 'ஷவுட் அட்' என்பவற்றிலும் இதே வேறுபாடுதான்: முன்னது தொலைவில் இருப்பவரை உரக்க அழைப்பது, பின்னது கோபத்தில் கத்துவது.

'கோப் அப் வித்', 'கம்ப்ரைஸஸ் ஆஃப்' ஆகியவற்றில் முறையே 'அப்', 'ஆஃப்' இரண்டையும் நீக்கிவிடலாம். கடித முடிவில் எழுதும் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' சற்று நுட்பமானது. இங்குள்ள 'டு' வினையெச்சத்தின் அடையாளம் அன்று, முன்னிடைச்சொல். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு த மீட்டிங்' என்று அதன்பின் ஒரு பெயரை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே அங்கு வினை வரும்போதும் பெயர்த்தன்மையோடு, 'மீட்டிங் யூ' என்றே வர வேண்டும்.