டெம்ப்ளேட்டுக்குக் காசு கட்டும் முன்: செட்டிநாட்டுக் கடைகளுக்கான வெப்சைட் டிசைன் குறிப்புகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வெப்சைட் வேண்டும் என்று கேட்பவர்களில் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், பழைய வீட்டில் அறை விடுகிறவர்கள், ஆத்தங்குடி டைல்ஸோ கண்டாங்கிச் சேலையோ விற்கிறவர்கள்தான் அதிகம். யாராக இருந்தாலும் முதலில் டெம்ப்ளேட் (ஆயத்தமாக வடிவமைத்து வைத்த பக்கம்) பட்டியலைத் திறப்பார்கள், கண்ணைப் பறிப்பது எதுவோ அதற்குக் காசு கட்டிவிடுவார்கள். உண்மையில் கண்ணைப் பறித்தது அதில் வைத்திருந்த போட்டோ. அந்தப் போட்டோவையும் ஆங்கில எழுத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் நாலு கட்டமும் ஒரு பொத்தானும்தான்.

ஒரு பலகாரக் கடை ஆச்சியிடம் பேக்கரி டெம்ப்ளேட் ஒன்றைக் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்குப்பா, இந்த ரொட்டிய எடுத்துட்டு நம்ம மனகோலத்த வச்சாலும் இப்படியே இருக்குமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. இருக்காது. அந்த ரொட்டி ஸ்டுடியோ வெளிச்சத்தில் எடுத்தது, நம் மனகோலம் டியூப் லைட்டுக்குக் கீழே எவர்சில்வர் தட்டில் கிடக்கிறது.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் எழுத்து, அப்புறம் போட்டோ, அதற்கப்புறம்தான் டெம்ப்ளேட். என்னென்ன பலகாரம், எவ்வளவு எடை, என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த ஊருக்கெல்லாம் அனுப்புவீர்கள், தீபாவளிக்கு எப்போது வரை ஆர்டர் எடுப்பீர்கள் என்பதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளிலோ கூகுள் டாக்ஸிலோ தமிழில் எழுதி முடியுங்கள். அதில் இருப்பதிலேயே நீளமான பெயரைத் தேடி எடுங்கள், 'கருப்பட்டி அதிரசம் அரைக் கிலோ' மாதிரி. டெம்ப்ளேட்டின் இலவச முன்னோட்டத்தில் அந்தப் பெயரை ஒட்டி, போனில் திறந்து பாருங்கள். கட்டத்துக்குள் அடங்கினால் மேற்கொண்டு யோசிக்கலாம். மூன்று வரியாக உடைந்து பக்கத்துக் கட்டத்தைக் கீழே தள்ளினால் அந்த டெம்ப்ளேட் உங்களுக்கு இல்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பொத்தான்களிலும் இதே தொல்லை. ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'இப்போதே முன்பதிவு செய்யுங்கள்' என்று போட்டால் பிதுங்கிக்கொண்டு நிற்கும். 'அறை பதிவு' போதும். 'கூடையில் சேர்' போதும். வாசல் பலகையில் எழுதினால் எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள், யாரும் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

தமிழ் எழுத்து வந்ததும் டெம்ப்ளேட் ஏன் சோடை போகிறது

டிசைன் பற்றிய வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டு டெம்ப்ளேட்களில் இருக்கும் பாப்பின்ஸ், மான்ட்செராட், பிளேஃபேர் போன்ற ஃபான்ட்களில் தமிழ் எழுத்தே கிடையாது. நீங்கள் தமிழில் தட்டினால் பிரவுசர் தன் கையில் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒரே பக்கம் மூன்று கருவியில் மூன்று விதமாகத் தெரியும், உங்கள் கணினியில் அழகாக உட்கார்ந்திருந்த தலைப்பு வாடிக்கையாளர் போனில் வரி தாண்டிப் போகும். இதற்கு வழி, தமிழ் ஃபான்ட்டை நீங்களே தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடுவது. கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. நிறைய எழுத்து இருக்கும் பக்கத்துக்கு நான் முக்தா மலரைத்தான் சொல்வேன், சின்ன அளவிலும் சுழி அடைபடாமல் தெரியும். பாலூ தம்பி என்ற ஃபான்ட் தலைப்புக்குக் குண்டாக, கலகலப்பாக இருக்கும், பலகாரக் கடைக்குப் பொருந்தும். பாரம்பரிய வீட்டு விடுதிக்குப் போட்டால் சிரிப்பாக இருக்கும். ஒரு ஃபான்ட்டில் இரண்டு தடிமன் போதும், எல்லாத் தடிமனையும் ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும்.

அடுத்தது, ஆங்கில டெம்ப்ளேட்கள் தலைப்பைத் தனித்துக் காட்டப் பெரிய எழுத்தையும் சாய்வெழுத்தையும் நம்பி இருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஏது? சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் ஃபான்ட்களில் கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவைக்கும், பார்க்கச் சகிக்காது. ஆகவே தலைப்புக்கும் உள்ளுரைக்கும் வித்தியாசம் காட்ட அளவு, தடிமன், நிறம் ஆகிய மூன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். மெனுவில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் அமைப்பு இருந்தால் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள். சில மென்பொருளில் அந்த இடைவெளியால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகும். வரி உயரம் எழுத்தின் அளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு வரை இருக்கட்டும், உள்ளுரை 17 அல்லது 18 பிக்சல். மேலே விசிறியும் கீழே சுழியும் இருக்கிற எழுத்து நம்முடையது, ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கம் தாங்காது.

அப்புறம் அச்சகத்துக் கோப்பு. லேபிளும் விசிட்டிங் கார்டும் அடித்த இடத்தில் எழுத்தெல்லாம் பெரும்பாலும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில்தான் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். பழைய ஃபான்ட் எழுத்தை, எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோட் எழுத்தாக மாற்றித் தரும் தளங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, அதில் போட்டு மாற்றிவிட்டு ஒரு முறை வாசித்துத் திருத்துங்கள். லோகோவுக்கு மட்டும் வேறு வழி: அச்சகத்தில் கோரல் டிராவில் வரைந்த மூலக் கோப்பையே கேளுங்கள், வாட்ஸப்பில் வந்த ஜேபெக் வேண்டாம். எழுத்தைக் கோடுகளாக மாற்றி எஸ்விஜியாக (கோட்டுப் பட வடிவம்) தரச் சொன்னால் அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை. எஸ்விஜி எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது.

எந்தக் கருவி எதற்கு

கேன்வா எல்லோருக்கும் தெரியும். விளம்பர அட்டை, வாட்ஸப் ஸ்டேட்டஸ், விலைப்பட்டியல் இதற்கெல்லாம் அதை மிஞ்ச ஆளில்லை. முழு வெப்சைட்டையும் அதிலேயே செய்வது ஒரு பக்க அறிமுகத்துக்குச் சரி, கடை வளர்ந்தால் நெருக்கடி, ஏனென்றால் அங்கே செய்த பக்கத்தைக் கழற்றி வேறு இடத்துக்கு எடுத்துப்போக வழி இல்லை. இன்னொன்று, கேன்வாவின் ஆயத்தப் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க் பதிவு செய்ய முடியாது. அதே கிண்ணமும் கரண்டியும் இன்னொரு கடைக்காரரும் எடுத்திருப்பார்.

பக்கத்தை முன்கூட்டி வரைந்து பார்க்க ஃபிக்மா. பிரவுசரிலேயே ஓடும், கூகுள் ஃபான்ட்ஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். 360 பிக்சல் அகலத்தில் போன் அளவுச் சட்டம் ஒன்று போட்டு அதில்தான் தொடங்க வேண்டும், கணினி அளவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பலகாரம் ஆர்டர் செய்கிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ போனில்தான் பார்ப்பார். போட்டோஷாப் இல்லாதவர்களுக்கு ஃபோட்டோபியா, கோடு வரைய இங்க்ஸ்கேப். இரண்டும் காசில்லாமல் கிடைப்பவை.

வெப்சைட்டை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டுவதாக இருந்தால் அஸ்ட்ரா, கேடன்ஸ், பிளாக்ஸி ஆகிய தீம்களின் (வேர்ட்பிரஸில் டெம்ப்ளேட்டுக்குப் பெயர் தீம்) இலவசப் பதிப்பே சின்னக் கடைக்குத் தாராளம். டெலிகிராமில் 'பிரீமியம் தீம் இலவசம்' என்று சுற்றுவதைத் தொடாதீர்கள். அதற்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் உங்கள் பக்கத்தைத் தட்டினால் சூதாட்ட விளம்பரத்துக்குப் போகும்.

ஆத்தங்குடி டைல்ஸிலிருந்து ஒரு பின்னணி

ஆயத்தப் பூ வேலைப்பாடுகளைத் தேடி அலைவதை விட, காலுக்குக் கீழே இருக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கையால் நிறத்தை ஊற்றிச் செய்கிறார்கள் என்பதால் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது. போட்டோவை அப்படியே பின்னணியாக அடுக்கினால் ஒரே பிசிறு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். கோட்டுப் படமாக வரைந்துகொள்வதுதான் நல்லது.

கண்ணாடியில் வார்த்த கல் பளபளக்கும், ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். காலையில், நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து, கேமரா நேர் கீழே பார்க்கும்படி போனைத் தரைக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். ஒரு கல்லை மட்டும் எடுக்காதீர்கள். பல டிசைன்களில் நான்கு கல் சேர்ந்தால்தான் ஒரு பூ முழுமையாகும், அந்த நான்கும் சட்டத்துக்குள் வரட்டும். ஃபோட்டோபியாவில் பெர்ஸ்பெக்டிவ் கிராப் என்று ஒரு கருவி இருக்கிறது, நான்கு மூலையையும் பிடித்து இழுத்தால் கோணல் நிமிர்ந்து சரியான சதுரம் கிடைக்கும்.

அந்தச் சதுரத்தை இங்க்ஸ்கேப்பில் கொண்டுவந்து பூட்டிவிட்டு, அதன் மேல் கால் பாகத்தை மட்டும் பேனாக் கருவியால் வரையுங்கள். டிரேஸ் பிட்மேப் என்ற கட்டளையைக் கொடுத்தால் அதுவே நிறம் பிரித்து வரைந்துவிடும்தான், ஆனால் ஓரமெல்லாம் நெளிந்து, பக்கத்துக் கல்லோடு சேரும் இடத்தில் கோடு விட்டுப்போகும். கால் பாகத்தை வரைந்து, நகல் எடுத்து, இடவலமாகத் திருப்பி, இரண்டையும் சேர்த்து இன்னொரு நகல் எடுத்து மேல்கீழாகத் திருப்பி வைத்தால் ஓரங்கள் தானாகவே பொருந்தும். நிறங்களைக் கல்லிலிருந்தே சொட்டுக் கருவியால் எடுங்கள், நாலைந்துக்கு மேல் வேண்டாம். பிளெய்ன் எஸ்விஜியாகச் சேமித்தால் சில கிலோபைட்தான் வரும். அதைப் பின்னணிப் படமாகக் கொடுத்து, திரும்பத் திரும்ப வரும்படி அமைத்து, ஒரு சதுரம் 120 பிக்சல் அளவுக்கு வைத்துப் பாருங்கள்.

எங்கே போடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எழுத்துக்குப் பின்னால் போடாதீர்கள். பக்கத்தின் அடியில் ஒரு பட்டை, இரண்டு பகுதிக்கு நடுவில் ஒரு பட்டை, அவ்வளவு போதும். வழிவழியாக வரும் டிசைன் என்றால் தொந்தரவு இல்லை, யாரோ ஒருவர் புதிதாக யோசித்துப் போட்ட டிசைன் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்தக் கல்லிலிருந்து எடுத்த நிறங்களையே பக்கம் முழுவதும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் கல்லில் அழகு, வெள்ளைப் பின்னணியில் எழுத்தாக வந்தால் படிக்கவே முடியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணையத்தில் எல்லோரும் பின்பற்றும் அளவு. வெப்எய்ம் தளத்தில் இரண்டு நிறத்தையும் கொடுத்தால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் தேறும், எழுத்துக்கு அவற்றை வைத்துக்கொண்டு மஞ்சளைப் பட்டைக்கு ஒதுக்குங்கள்.

போட்டோ

வளவு (வீட்டின் உள்முற்றம்) உள்ள வீடென்றால் உங்களிடம் இலவச ஸ்டுடியோ இருக்கிறது. திறந்த முற்றத்து ஓரம், தூணுக்கு உட்பக்கம், காலை வெளிச்சம். எவர்சில்வர் தட்டை மாற்றிவிட்டு ஒரு கொட்டானிலோ (ஓலைக் கூடை) மரத் தட்டிலோ சீப்புச் சீடையை வைத்து எடுத்துப் பாருங்கள். எல்லாப் பண்டத்தையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் எடுப்பது முக்கியம். ஒன்று பக்கத்திலும் ஒன்று தூரத்திலும் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த டெம்ப்ளேட்டும் சந்தைக் கடை மாதிரி ஆகிவிடும்.

போன் போட்டோ ஒன்று 3, 4 எம்பி இருக்கும், அப்படியே ஏற்றக் கூடாது. ஸ்குவூஷ் என்ற கூகுளின் இலவசத் தளத்தில் போட்டு அகலத்தை 1600 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் தரம் 75 வைத்தால் பெரும்பாலும் 200, 300 கேபிக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எல்லாம் முடிந்ததும் பக்கம் திறக்கும் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் முகவரியைக் கொடுத்து, போன் பகுதியில் பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

விலையையும் போன் எண்ணையும் படத்துக்குள் எழுதிவிட வேண்டாம். கேன்வாவில் அழகாகச் செய்த விலைப்பட்டியலைப் படமாகவே ஏற்றிவிடுகிறார்கள், கூகுளில் தேடினால் ஒரு பண்டமும் அகப்படாது, எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது. ஒவ்வொரு படத்துக்கும் மாற்று எழுத்து என்ற பெட்டியில் 'கொட்டானில் சீப்புச் சீடை' என்று ஒரு வரி எழுதுங்கள், பார்வை இல்லாதவர்களின் போன் அதைத்தான் வாசித்துச் சொல்லும்.

கடைசி வேலை, வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பினால் வரும் குட்டிப் படம். அதைத் தனியாக 1200க்கு 630 பிக்சலில் செய்து, கடைப் பெயரை நடுவில் பெரிதாக வைத்து, ஓரத்தில் டைல்ஸ் பட்டை கொடுங்கள். வேர்ட்பிரஸில் யோஸ்ட் மாதிரி ஒரு எஸ்இஓ பிளகினில் (தேடலில் பக்கம் அகப்பட உதவும் துணை மென்பொருள்) அதை ஏற்ற இடம் இருக்கும். ஏற்றிய பிறகும் ஃபேஸ்புக்கில் பழைய படமே வந்தால் பயப்பட வேண்டாம், அது முன்பு எடுத்து வைத்த நகல். ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் புதுசு வந்துவிடும். வாட்ஸப்பில் சில நாள் பழையதே வரக்கூடும், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பினால் அங்கேயும் புதுப் படம் வரும்.