மெக்சிகோவுக்கு ஊழியத்துக்கு வரும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே, இருட்டிய பிறகு தனியாகப் போகாதே என்பதையெல்லாம் மெக்சிகோவுக்கு வருகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடலாம். பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கும் ஊழியக் குடும்பங்கள், எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் நாங்களும் பணத்தையும் மாதங்களையும் தொலைத்த அதே இடங்களில் இன்றும் தொலைக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

## நுழைவு முத்திரையைப் படிக்காமல் வெளியே நடப்பது

எத்தனை முறை சொல்லியும் நிற்காத தவறு இதுதான். அரை நிமிடத்தில் தவிர்த்துவிடலாம் என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

180 நாளுக்கு மேல் தங்கி ஊழியம் செய்ய வருபவருக்கு மெக்சிகோ தூதரகம் பாஸ்போர்ட்டில் தற்காலிகக் குடியிருப்பு விசாவை ஒட்டித் தருகிறது. பலர் அதையே குடியிருப்பு அனுமதி என்று நினைத்துவிடுகிறார்கள். அது நாட்டுக்குள் ஒருமுறை நுழைய மட்டும்தான். விசா தந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நுழைய வேண்டும். நுழைந்த 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அதைக் கொடுத்துக் குடியிருப்பு அட்டையாக மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு அங்கே 'கான்ஹே' என்று பெயர்.

கோளாறு விமான நிலையக் கவுன்ட்டரில் நடக்கிறது. அந்த அதிகாரி நாள் முழுக்கப் பார்ப்பது சுற்றுலாப் பயணிகளை. பாஸ்போர்ட்டின் நடுப்பக்கத்தில் இருக்கும் விசாவை நாமாக எடுத்துக் காட்டாவிட்டால், கை பழகியபடி சுற்றுலா முத்திரை விழுந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஆபத்து இன்னும் அதிகம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ விசா இல்லாமலே ஓர் இந்தியர் பார்வையாளராக நுழையலாம். அமெரிக்கா வழியாக வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் அந்த விசா முதலில் கண்ணில் பட்டால், அதிகாரி அதை வைத்தே உள்ளே விட்டுவிடுவார்.

வெளியே வந்ததும் அப்பா முத்திரையைப் பார்த்து, "180 நாள் கொடுத்திருக்கிறார்கள், தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்பார். அந்த 180தான் தவறு நடந்துவிட்டதற்கு அடையாளம். குடியிருப்பு விசாவோடு வருகிறவருக்கு 'கான்ஹே' என்ற சொல்லும் 30 நாளும்தான் பதிவாக வேண்டும். நாள் கூடுதலாகக் கிடைத்தால் அது சலுகை அல்ல. நீங்கள் சுற்றுலாப் பயணி என்று எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே வரிசை நகர்வதற்குள் விசாப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். நீட்டும்போதே "ரெசிதென்தே தெம்போரால், பாரா கான்ஹே" என்று, அதாவது 'தற்காலிகக் குடியிருப்பாளர், அட்டை மாற்றத்துக்கு' என்று, வாய்விட்டுச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒவ்வொருவருடையதையும் படியுங்கள். பெரியவர்கள் நால்வருக்குச் சரியாக விழுந்து, தோளில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைக்கு மட்டும் சுற்றுலா என்று பதிவான குடும்பம் உண்டு. குழந்தைக்கும் தனி விசா, தனி முத்திரை, தனி அட்டை. பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அதே கவுன்ட்டரில் அந்த நிமிடம் கேட்டால் திருத்தித் தருவார்கள். பெட்டி எடுக்கும் கூடத்தைத் தாண்டிவிட்டால், பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேறி விசாவின் 180 நாள் முடிவதற்குள் மறுபடி சரியாக நுழைவதுதான் வழி. ஐந்து பேருக்கு விமானச் சீட்டு என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாளும் கடந்துவிட்டால் தூதரகத்தில் முதலிலிருந்து.

அமெரிக்காவிலிருந்து சாலை வழியாக வருகிறவர்களுக்கு வேறு விதம். எல்லையில் பல இடங்களில் யாரும் நிறுத்த மாட்டார்கள். நீங்களாகவே வண்டியை ஓரம் கட்டி, குடிவரவு அலுவலகத்தைத் தேடிப் போய் முத்திரை வாங்க வேண்டும். வாங்காமல் நூறு மைல் உள்ளே வந்துவிட்டால் 30 நாள் கணக்குக்கு ஆதாரமே இருக்காது.

கான்ஹே வேலை தொடங்கி அட்டை கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் பயணம் வேண்டாம். தவிர்க்க முடியாத சாவு, வியாதி என்றால் வெளியே போய்த் திரும்புவதற்கான தனி அனுமதியை முதலில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முதல் அட்டை ஓராண்டுக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். நடுவில் வீடு மாறினால் 90 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் அபராதம்.

## சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் இல்லாமல் கிளம்புவது

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் திருமணச் சான்றிதழும் குடியிருப்புக்கும் பள்ளிக்கும் வேண்டும். அவற்றில் அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வேறு நாடுகளும் ஏற்கும்படி அரசு போடும் முத்திரை, இருக்க வேண்டும். சான்றிதழ் எந்த நாட்டில் எழுதப்பட்டதோ அந்த நாடுதான் அதைத் தர முடியும். இந்தியச் சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் தருகிறது. மெக்சிகோ வந்த பிறகு இந்தியத் தூதரகத்தில் கேட்டுப் பயனில்லை. சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்த திருமண நகலை நம்பாமல், அரசுப் பதிவுச் சான்றிதழையே வாங்குங்கள். தமிழில் மட்டும் இருப்பதைத் தவிர்த்து, ஆங்கிலமும் சேர்ந்த பிரதியாகக் கேளுங்கள். ஸ்பானிய மொழிபெயர்ப்பை இங்கே வந்து, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும். ஊரில் செய்து கொண்டுவந்த மொழிபெயர்ப்பை அலுவலகம் திருப்பிவிடும்.

## இனிஷியல்

மெக்சிகோவில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள்: அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அம்மாவின் முதல் குடும்பப் பெயர். படிவங்கள் எல்லாமே அந்தக் கணக்கில்தான். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ஒவ்வொருவர் பெயரை ஒவ்வொரு இடத்தில் வெட்டுவார். 18 எழுத்துள்ள 'குர்ப்' என்ற அடையாள எண் பெயரின் எழுத்துகளிலிருந்தே உருவாகிறது. அதில் தவறினால் பள்ளிச் சேர்க்கை, வங்கி, மருத்துவக் காப்பீடு வரிசையாக நிற்கும். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துத் திருத்திக்கொண்டு, அதன் பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.

## மின் கட்டண ரசீதைப் பார்க்காமல் வீடு பிடிப்பது

வாடகையைப் பேரம் பேசுகிறவர்கள் மின் ரசீதைக் கேட்பதில்லை. வீடுகளுக்கான மின்சாரத்தில் பெரும் பகுதி அரசு மானியம். கடந்த 12 மாதச் சராசரி, அந்த ஊருக்கான வரம்பைத் தாண்டினால் மானியம் முழுக்கப் போய் 'தாக்' என்ற உயர் கட்டணத்தில் விழுவீர்கள். தலைநகரம் போன்ற மிதமான இடங்களில் வரம்பு மாதம் 250 யூனிட். சுட்டெரிக்கும் வடமேற்குப் பாலைவன ஊர்களில் அது 2,500 வரை உண்டு. ஒரு மாதம் சிக்கனமாக இருந்து மீள முடியாது, சராசரியே இறங்க வேண்டும். குளிருக்கு மின் ஹீட்டர் வைப்பதும், தண்ணீர்த் தொட்டியின் மிதவை பழுதாகி மோட்டார் விடாமல் ஓடுவதும்தான் பெரும்பாலும் காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரசீது வரும் என்பதால் தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். வீட்டுக்காரரிடம் கடைசி ரசீதைக் கேட்டு, மேலே எந்தக் கட்டண வகை அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

## மிக்ஸியைத் தூக்கி வருவது

இங்கே 127 வோல்ட். 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. மிக்ஸியின் வாட்டைப் போல இரண்டு மடங்கு திறனுள்ள மின்மாற்றி வேண்டும், அதுவே ஒரு செங்கல் கனம். பிரஷர் குக்கரைக் கொண்டு வாருங்கள். தலைநகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த சட்டியில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும். அந்த உயரத்தில் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதானால் தளதளவென்று மூன்று நிமிடம் விட வேண்டும்.

கீரையையும் கொத்தமல்லியையும் கிருமிநாசினிச் சொட்டு விட்ட தண்ணீரில் ஊற வைத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. முதலில் ஒவ்வொரு இலையாக ஓடும் நீரில் தேய்த்து மண்ணைப் போக்குங்கள். சொட்டு மருந்து பாக்டீரியாவைக் கொல்லும். இலையில் ஒட்டிய புழு முட்டைகளைத் தேய்த்துத்தான் அகற்ற வேண்டும்.

## கிராமத்துக்குள் நேராகப் போய் வீடு எடுப்பது

ஓஹாக்கா, சியாபாஸ் மாநிலப் பழங்குடி ஊர்கள் பலவற்றில் ஊர்வழக்கமே நிர்வாகம். முதல் நாளே ஊர்த் தலைவர்களைக் கண்டு, யார், எதற்கு வந்தோம், எத்தனை காலம் என்று சொல்லுங்கள். 'தெகியோ' எனும் ஊர்ப் பொது வேலைக்கு அழைப்பு வந்தால் மண்வெட்டியோடு போங்கள். அந்த வேலையும் திருவிழா வரியும்தான் ஊரில் ஒருவருக்கு இடம் தருகிறவை. சியாபாஸின் சான் ஹுவான் சாமுலாவில் 1970களிலிருந்து ஆயிரக்கணக்கான சுவிசேஷ விசுவாசிகள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். உங்கள் அவசரத்துக்கான விலையை நீங்கள் கொடுக்கப்போவதில்லை. உங்களிடம் ஞானஸ்நானம் பெற்று அந்த ஊரிலேயே இருக்கப்போகிற குடும்பம்தான் கொடுக்கும்.

## அறிவிக்காமல் தெருக்கூட்டம்

1992 சமயச் சட்டப்படி, ஆலயத்துக்கு வெளியே ஆராதனைக் கூட்டம் நடத்த 15 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

## அரசியல்

ஒரு வார்த்தையும் வேண்டாம். அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு வெளிநாட்டவருக்கு அதைத் தடுக்கிறது.

## குவாதலூப்பே அன்னையைப் பழிப்பது

குவாதலூப்பே அன்னை என்பது மெக்சிகோ கத்தோலிக்கர் போற்றும் மரியாள். அவர் திருநாளான டிசம்பர் 12 அன்று அண்டை வீட்டில் சூடான 'ஆத்தோலே' கஞ்சி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்து நன்றி சொல்லுங்கள். அங்கே விவாதம் கூடாது.

## செருப்பை உதறாமல் போடுவது

மோரெலோஸ், குயெர்ரேரோ, துராங்கோ பக்கம் தேள் விஷம் குழந்தைகளைக் கொல்லக்கூடியது. கொட்டினால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது என்பதைக் குடிபோன வாரமே விசாரித்து, முகவரியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள்.